எம்மவரைத் தேசப்படத்திற் குறித்தல்

எமது கல்லூரியின் விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் மேற்கொள்ளக் கருதியுள்ள பணிகளுள் ஒன்று, உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவர் அனைவரையும் இணையத்திலுள்ள தேசப்படம் ஒன்றிற் புள்ளியிட்டுக் காட்டுதல் என அறிகின்றோம். ஒருவர் தம் கைத்தொலைபேசியிலே அப்படத்தைத் திறந்து, விரலாற் பெருப்பித்து, ரொறொன்ரோவில் எத்தனை பேர், இலண்டனில் எத்தனை பேர், ஊரில் எஞ்சியோர் எத்தனை பேர் என்று கண்டு மகிழலாம். புள்ளியைத் தொட்டவுடன் பெயரும், படித்த ஆண்டும், தொழிலும், வீட்டு முகவரியும் தோன்றும் என்பது திட்டம். இளைஞர் சிலர் இதற்கென ஊக்கத்துடன் முன்வந்துள்ளனர். முயற்சி நன்று, அதனைத் தடுக்க யாம் எழுந்தோமல்லோம். ஆயினும், பல்லாயிரம் புள்ளிகளை ஒரு படத்தில் இடுதல் சுவர்ப்படத்திற் குண்டூசி குத்துதல் போன்ற எளிய செயலன்று என்பதையும், இப்போது கருதியுள்ள முறையிலேயே அதனைச் செய்யின் நன்மையினும் கேடு மிகும் என்பதையும் எடுத்துரைத்தல் கடன் என எண்ணுகின்றோம். தமிழாசிரியருக்குத் தேசப்படத்தில் என்ன அலுவல் என்று கேட்பாரும் உளர். பெயர்கள் உள்ள இடமெல்லாம் தமிழாசிரியருக்கு அலுவல் உண்டு.

படத்திற் குறியிட்டு உண்மை காணும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1854ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் சோகோ என்னும் பகுதியிற் கொலரா என்னும் பேதிநோய் பரவி அறுநூற்றின் மேற்பட்டோர் மாண்டனர். யோன் சினோ என்ற வைத்தியர் அந்நோய் நீரினாற் பரவுவதெனக் கொண்டவர். அக்காலத்து வைத்தியருட் பெரும்பாலார் தீய காற்றினாற் பரவுவதென்றே நம்பியிருந்தனர். சினோ அவ்வட்டாரத் தெருப்படமொன்றை எடுத்து, மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கருங்கோடாக, அவரவர் வாழ்ந்த வீட்டிற்கு நேரே குறித்தார். ஒரே வீட்டிற் பலர் மாண்டிருப்பின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். புரோட் வீதியிலிருந்த தண்ணீர்ப் பம்பியைச் சூழ அக்கோடுகள் அடர்ந்து நின்றமையை எவரும் ஒரு நோக்கிலே கண்டுகொள்ளலாம்.

இக்கதையைச் சொல்லுவோர் பலர் இரண்டு செய்திகளைச் சொல்லாது விடுகின்றனர். முதலாவது, படத்தைப் பார்த்து அவர் உண்மையைக் கண்டாரல்லர். வீடு வீடாகச் சென்று, யார் எங்கே நீர் அள்ளினர் என்று வினாவியே கண்டார். அப்பம்பியின் கைபிடி செப்டெம்பர் 8ஆந் திகதி கழற்றப்பட்டது. படம் அதன் பின்னரே வரையப்பட்டு மறு ஆண்டில் அவரது நூலில் வெளிவந்தது. தாம் கண்டதைப் பிறர் நம்பும்படி செய்தற்கு அஃதொரு கருவியாயிற்று. இரண்டாவது, அப்படத்தில் மிகுதியாகப் பேசியவை கோடுகள் இல்லாத இடங்களேயாம். 535 பேர் தங்கியிருந்த ஏழையர் விடுதி ஒன்று அந்நோயின் நடுவே நின்றது. அங்கு மாண்டோர் ஐவரே. பம்பிக்கு அணித்தாயிருந்த மதுவடிசாலை ஒன்றில் எழுபதின் மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவரும் மாண்டிலர். விடுதிக்கும் வடிசாலைக்கும் தத்தமக்கெனக் கிணறுகள் இருந்தன. வெற்றிடம் எதனால் வெற்றிடமாயிற்று என்று கேட்டறிந்தவருக்கே அந்தப் படம் பயன்பட்டது. எமது சங்கத்தாரின் படத்திலும் வெற்றிடங்கள் இருக்கப்போகின்றன. அவற்றைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

இணையத் தேசப்படத்திற் குறியிடும் வழக்கம் உலகிற் பரவத் தொடங்கியது 2005ஆம் ஆண்டிலாகும். கூகுள் நிறுவனத்தார் அவ்வாண்டு பெப்ரவரியிலே தமது தேசப்படத்தை வெளியிட்டனர். சில திங்களுள், போல் ராடமாக்கர் என்னும் நிரலாளர் ஒருவர், வீட்டு விளம்பரங்களை அதன்மேற் புள்ளிகளாக இட்டு, விரும்பிய தெருவில் வீடு தேடுவோர்க்கு வழி காட்டினார். எவரும் அவ்வாறு செய்தற்கு அந்நிறுவனத்தாரே யூன் மாதத்தில் வாயில் திறந்துவிட்டனர். அதற்கு முன்னாண்டே, அதாவது 2004இல், எவரும் வரையவும் திருத்தவும் எடுத்தாளவும் தக்கதாய் ஓப்பின்ஸ்ரீற்மப் என்னும் பொதுத் தேசப்படம் இங்கிலாந்திலே தொடங்கப்பட்டிருந்தது. இன்று யாவரும் அறிந்த, தலைகீழாய் நிற்கும் நீர்த்துளி போன்ற குறியை வரைந்தவர் யென்ஸ் ராஸ்முசன் என்னும் டென்மார்க்கு நாட்டவர். நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலை 2014ஆம் ஆண்டில் அதனைத் தன் தொகுப்பிற் சேர்த்துக்கொண்டது. அக்குறியின் நுனி கூரியது. உடல் மேலே நிற்பது. ஆதலால் தான் சுட்டும் இடத்தைத் தான் மறைப்பதில்லை. தனிக்குறிக்கு இது மெத்தப் பொருந்தும். ஆயின், ஸ்காபரோவில் முந்நூறு குறிகள் ஒருங்கே நிற்குமிடத்து, அவை ஒன்றையொன்று மறைப்பதோடு கீழேயுள்ள ஊரையும் மறைத்துவிடும். செங்கொடிகள் நாட்டிய மணற்குவியலைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

மறைத்தல் மாத்திரமன்று, தளர்த்தலும் உண்டு. இணையத் தேசப்படம் ஒரே படமன்று. 256 புள்ளி அகலமும் 256 புள்ளி உயரமும் உடைய சதுரத் துண்டுகளால் அமைந்தது. உலகம் முழுவதும் ஒரே துண்டில் அடங்குவது முதற்படி. ஒருபடி பெருப்பித்தால் நான்கு துண்டுகள். மேலும் ஒருபடி பெருப்பித்தால் பதினாறு. இவ்வாறு நந்நான்காய்ப் பெருகும். கண்ணுக்குப் புலனாகும் துண்டுகளை மாத்திரமே கணினி வேண்டிப் பெறும். ஆகவே உலகம் எத்துணைப் பெரிதாயினும் கைத்தொலைபேசி தளர்வதில்லை. குறிகளின் செய்தி வேறு. சாதாரணமாகச் செய்யின், ஒவ்வொரு குறியையும் தனித்தனிப் பொருளாகக் கணினி தன் நினைவில் வைத்து, படம் அசையுந்தோறும் ஒவ்வொன்றையும் எடுத்து இடம்மாற்றி வைத்தல் வேண்டும். நூறாயின் தாழ்வில்லை. பல்லாயிரமாயின், ஊரிலுள்ள பழைய தொலைபேசிகளிலே படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கனடாவிலுள்ளோர் நன்றாய்க் காண, கல்லூரி மதிலுக்கு அடுத்த வீட்டார் காண இயலாமற் போவது ஒரு விழாப் பணிக்கு அழகன்று.

இதற்கு மாற்றுண்டு. உக்கிரேன் நாட்டவரான விளாடிமிர் அகாவொங்கின் என்பார் 2011ஆம் ஆண்டில் லீவ்லெற் என்னும் கருவித்தொகுதியை இலவசமாக வெளியிட்டார். எமது இளைஞர் எடுத்தாளக் கருதியிருப்பதும் அதனையேயாம். அதனோடு சேர்த்து வழங்கும் துணைக்கருவி ஒன்று, அண்மையிலுள்ள குறிகளைத் திரட்டி ஒரு வட்டமாக்கி, அதனுள் எத்தனை குறிகள் உள்ளன என்று எண்ணிட்டுக் காட்டும். வட்டத்தைத் தொட்டாற் படம் பெருத்து, வட்டம் சிறு வட்டங்களாய்ப் பிரிந்து, ஈற்றிலே தனிக்குறிகளாய் விரியும். சினோ வைத்தியர் கோட்டின்மேற் கோடு அடுக்கியதும் இவ்வகைத் தந்திரமே. ஆதலின் திரட்டிக் காட்டும் முறையை யாம் வரவேற்கின்றோம். ஆயினும் அது சொல்லும் பொய்யையும் அறிந்திருத்தல் வேண்டும். திரண்ட குறிகளின் சராசரி இடத்திலேயே வட்டம் நிற்கும். இலண்டனில் ஒருவர், பாரிசில் ஒருவர், ஒஸ்லோவில் ஒருவர் என மூவரைத் திரட்டினால், அவர்தம் வட்டம் ஒல்லாந்துக் கரைக்கு அப்பால் வடகடலின் மேல் மிதக்கும். கொழும்பில் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் ஒருவருமாயின், இருவரும் வில்பத்துக் காட்டுப் பக்கத்திலே கரடிகளோடு குடியிருப்பவராய்த் தோன்றுவர். எவருமில்லாத இடத்திலே எல்லோரையும் கூட்டிவைக்கும் இக்கணக்கினும், நாட்டுக்கொரு வட்டம், நகருக்கொரு வட்டம் என அறிந்த எல்லையின்படி திரட்டி, வட்டத்தை அந்நகரிலேயே நிறுத்துதல் சாலச் சிறந்தது. செய்தற்கும் அரிதன்று.

இனி, குறியை எங்கே இடுவது என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? இரண்டு எண்களால் அறியும்: அகலக்கோடு ஒன்று, நெடுங்கோடு ஒன்று. யாழ்ப்பாண நகர் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.66 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 80.01 பாகையிலும் உள்ளது. இவ்விரண்டையும் எம்முறையில் எழுதுவது என்பதிலே கணினியாரிடையே ஒற்றுமை இல்லை. லீவ்லெற் அகலக்கோட்டை முதலிற் கேட்கும். தேசப்படத் தரவுகளை எழுதிவைக்கப் பெருவழக்காயுள்ள ஜியோஜேசன் என்னும் அமைப்போ நெடுங்கோட்டை முதலில் வைக்கும். முறை மாறிவிட்டால், யாழ்ப்பாணம் வடதுருவத்தை அண்டிய ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுக்கு அப்பால் உறைபனிக் கடலிற் போய் விழும். எண் எழுதாது வெறுமையாய் விட்டால் இரண்டும் சுழியமாகி, ஆபிரிக்காவுக்கு மேற்கே கினிக் குடாவில் ஒரு குறி நிற்கும். நிலமேயில்லாத அவ்விடத்திற்குக் கணினியார் 'சுழியத் தீவு' என்று பெயரிட்டு நகைப்பர். இவை கண்டவுடன் பிழையெனத் தெரிவன, ஆதலால் அஞ்சத்தக்கனவல்ல.

அஞ்சத்தக்கவை கண்ணுக்குச் சரியெனத் தோன்றும் பிழைகளாம். முகவரிகளை எண்களாக்கும் வேலையையும் கணினியிடமே விட எமது இளைஞர் எண்ணியுள்ளனர். 'திருநெல்வேலி' என்று மாத்திரம் எழுதினால், பல்கலைக்கழகம் அமைந்துள்ள எமது திருநெல்வேலியை அது கருதுமா? கடலுக்கு அப்பால், தாமிரபரணிக் கரையிலுள்ள பெருநகரையே கருதும். அதன்மேற் குற்றமில்லை, அந்நகர் பெரிது. காரைநகரைப் பழைய பெயராற் காரைதீவு என்று எழுதும் முதியவரது குறி, அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுக்குச் செல்லும். 'இலங்கை' என்று மாத்திரம் எழுதியவர்களது குறிகளெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியிலே, தம்புள்ளைக்குக் கிழக்கே, ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவியும். ஒருவர் அதனைப் பார்த்து, எம்மவர் அங்கே பெருங்குடியேற்றம் நிகழ்த்தியுள்ளனர் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினும் வியப்பதற்கில்லை.

நகையாடலன்று இது. அமெரிக்காவிலே இணைய முகவரிகளைத் தேசப்பட இடங்களோடு பொருத்திக் கொடுத்த ஒரு நிறுவனம், இன்ன ஊரென்று தெரியாத முகவரிகளையெல்லாம் அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியிலே இட்டுவந்தது. அறுபது கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அவ்வாறு ஒரே புள்ளியிற் குவிந்தன. அப்புள்ளி கன்சஸ் மாநிலத்திலே ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில் அமைந்திருந்தது. இணையத்தில் ஏமாற்றப்பட்டவரும், பொருள் பறிகொடுத்தவரும், காணாமற்போனோரைத் தேடிய காவலரும், 'கள்வர் இங்கேதான் உளர்' என்று ஆண்டுக்கணக்காய் அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். காரணம் 2016ஆம் ஆண்டில் வெளிப்படும்வரை, அங்கு குடியிருந்தார்க்கு இஃது ஏனென்றே தெரியாது. 'இன்ன நாடு, ஊர் தெரியாது' என்பதை 'இன்ன வீடு' என்று காட்டியதே குற்றம். அறியாததை அறியாதபடியே காட்டும் குறி ஒன்று படத்தில் இருத்தல் வேண்டும்; அல்லது அறியாதவரைப் படத்திற் சேராது பட்டியலில் வைத்தல் வேண்டும்.

இப்போது எமது முதன்மையான மறுப்புக்கு வருவோம். வீட்டைக் குறித்தல் தகாது.

பாகைக்குப்பின் ஒரு தசமதானம் பதினொரு கிலோமீற்றரைச் சுட்டும். இரண்டு தானம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். நான்கு தானம் பதினொரு மீற்றர். ஐந்து தானம் ஒரு மீற்றர். சங்கத்தார் விநியோகித்த மாதிரிப் படிவம் ஆறு தானங்களைக் கேட்கின்றது. ஆறு தானம் என்பது பதினொரு சென்ரிமீற்றர்! எமது பழைய மாணவர் ஒருவர் சாய்மனைக் கதிரையின் எந்தக் கையிற் கையூன்றியிருக்கின்றார் என்பதை அறிய எவருக்கு என்ன தேவை? ஒருவர் ஓஸ்லோவில் உளர், ஒருவர் ஓமந்தையில் உளர் என்று அறிதலே உறவு புதுப்பிக்கப் போதும். அங்குச் செல்லுமிடத்துத் தொலைபேசியில் அழைத்து வழி கேட்டுப் போதலே எம்மவர் மரபுமாம்.

நாங்கள் கூறுவது வீணச்சம் என்பாரும் உளர். 2012ஆம் ஆண்டு திசெம்பரில், நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகையொன்று, தன் அயல்மாவட்டங்கள் இரண்டிற் கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதி பெற்றோர் அனைவரையும், பெயரும் முகவரியுமாக, இணையப்படத்திற் புள்ளியிட்டு வெளியிட்டது. அவ்விவரங்கள் அரச ஏட்டில் எவரும் கேட்டுப் பெறத்தக்கனவே. பத்திரிகை களவாக எதனையும் பெறவில்லை. ஆயினும் எழுந்த கொந்தளிப்பு பெரிது. துப்பாக்கி உள்ள வீட்டைக் கள்வர் அறிவர் என்றனர் சிலர். இல்லாத வீட்டையும் அறிவர் என்றனர் வேறு சிலர். மறுமாதமே படம் நீக்கப்பட்டது. அனுமதி பெற்றோர் தம் விவரத்தை மறைத்துவைக்க வேண்டுதற்கு அம்மாநிலச் சட்டமும் இடமளிக்கலாயிற்று. ஏட்டில் ஒவ்வொன்றாய்க் கிடக்கும் செய்தி ஒன்று; அதே செய்தி ஒருங்கே திரட்டப்பட்டு, நடு இரவில் எவரும் எங்கிருந்தும் பார்க்குமாறு படமாய் நிற்பது வேறொன்று. கிணற்று நீரும் வெள்ள நீரும் நீரே, எனினும் ஒன்றாகா.

எமது நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒழுங்கைகளிலே, சுற்றுமதிலும் படலையும் உள்ள பெரிய வீடுகளில், பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டிலிருக்க, தனியே வாழும் முதியோர் எத்தனை பேர்! தந்தையார் பழைய மாணவர். மக்கள் மூவரும் பழைய மாணவர். தந்தையாரின் புள்ளி ஊரில். மக்களின் புள்ளிகள் சூரிச்சிலும் சிட்னியிலும் மார்க்கத்திலும். நான்கு புள்ளிகளையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவனுக்கு, எந்த வீட்டிற் பணம் வருகின்றது, எந்த வீட்டிற் காவலில்லை என்பது தெளிவாகும். நாம் பெருமையோடு இடும் புள்ளி பிறர்க்கு வழிகாட்டும் புள்ளியாகிவிடும். இதனை எடுத்துரைத்தபோது இளைஞர் ஒருவர், கடவுச்சொல் இட்டுப் படத்தைப் பூட்டிவிடலாம் என்றார். ஆயிரவர் அறிந்த சொல் கடவுச்சொல்லாமாறு எங்ஙனம் என்பது எமக்கு விளங்கவில்லை. எண்களை இரண்டு தானத்தோடு நிறுத்திவிட்டால், பூட்டும் வேண்டா, திறப்பும் வேண்டா. இல்லாததை எவரும் களவாடார்.

வேறொரு வினாவும் உண்டு; இதற்கு விடை கூறுதல் கணினியார்க்கு அரிது, எமக்கும் அரிதே. ஒருவருக்கு எத்தனை புள்ளி? படிவத்தில் ஒரு முகவரிக்கு மாத்திரமே இடமுண்டு. பிறந்து வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெற்று, அதே வளவிலே வாழ்பவருக்கு ஒன்று போதும். எம்மவருள் அத்தகையோர் எத்தனை பேர்? மயிலிட்டியிற் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் எழுந்தோடியபோது அவரும் எழுந்தார். கோயில் மடத்திலும் முகாமிலும் உறவினர் தாழ்வாரத்திலும் இருந்து எமது கல்லூரியிற் படித்தார். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிச் சென்றபோது மறுபடியும் எழுந்தார். வன்னி சென்று, கொழும்பு சென்று, ஈற்றிலே கனடா சேர்ந்தார். மயிலிட்டித் துறைமுகமும் அயல்நிலமும் விடுவிக்கப்பட்டமை 2017ஆம் ஆண்டிலேயாம். அவரைக் கேட்டால் இன்றும் தம்மை மயிலிட்டியார் என்றே சொல்லுவார். படமோ அவரைப் பிரம்ப்டன் வாசி என்று காட்டும். எது மெய்? இரண்டும் மெய்யே. ஆனால் ஒன்றை மாத்திரம் காட்டும் படம் பாதி மெய்யே சொல்லும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் அன்பர்களும் எமது இடாப்பில் உளர். அவர்களைப் புத்தளத்தார் என்று மாத்திரம் எழுதி அமைதல் அறமாகாது.

ஆகவே, ஆளுக்கு இரு புள்ளி இடுக என்கின்றோம்: ஊருக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று. இரண்டையும் மெல்லிய கோட்டால் இணைக்கலாமே என்று ஒருவர் கூறினர். ஆயிரம் கோடுகள் எமது குடாநாட்டிலிருந்து புறப்பட்டுச் செல்லும் படம் காண்பதற்கு அழகாயிருக்கும் என்பது உண்மை. ஆனால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதனையும் வாசிக்கவொண்ணாதாகும். ஒருவரைத் தொட்டபோது மாத்திரம் அவரது கோடு தோன்றுமாறு செய்தல் போதும்.

வெற்றிடங்களைப்பற்றிப் பின்னர் கூறுவோம் என்றோம். படிவம் நிரப்புவோர் யார்? இணையம் உடையார், நேரம் உடையார், சங்கத்தோடு தொடர்பு உடையார், சொல்லிக்கொள்ளத்தக்க உத்தியோகம் உடையார். மேசன் வேலை செய்பவரும், விசுவமடுவிலே தோட்டஞ் செய்பவரும், படிப்பை இடையில் விட்டவரும், 'எம்மை யார் கேட்டார்' என்று இருந்துவிடுவர். அவ்வாறாயின், படத்தைப் பார்ப்பவர் எமது கல்லூரி வைத்தியரையும் பொறியியலாளரையும் கணக்காளரையுமே பெற்றது என்றும், வன்னியில் எம்மவர் எவருமிலர் என்றும் முடிவு கட்டுவர். வெற்றிடம் என்பது ஆளில்லா இடமன்று. நாம் கேளாத இடம். சினோ வைத்தியர் செய்ததுபோல் நடந்துபோய்க் கேட்டல் வேண்டும். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இருவரை ஒரு கிழமை அனுப்புதற்கு ஆகும் செலவு, விழாப் பந்தலின் அலங்கார விளக்குகளுக்கு ஆகும் செலவினும் குறைவு.

மறைந்தோர்க்கும் காணாமற்போனோர்க்கும் புள்ளி எங்கே இடுவது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது அவை அமைதியாயிற்று. இடவேண்டா என்பதே எமது கருத்து. இறந்த இடத்தைக் குறித்தல் துயர் கிளர்த்தும். காணாமற்போனவரை ஓரிடத்திற் குறிக்க எவருக்கும் உரிமையில்லை. அவர்தம் பெயர்களைப் படத்தின் அருகே, படித்த ஆண்டு முறையில், வீட்டாரின் இசைவோடு எழுதிவைக்கலாம். இடம் இன்றியும் பெயர் நிற்கும்.

பெயரைப்பற்றிய பேச்சு வந்தமையின் ஈற்றிலே எமது தொழிலுக்குரியதைச் சிறிது கூறுவோம். படத்தின் அடியிலே ஊர்ப்பெயர்கள் எம்மொழியில் உள என்று பாருங்கள். ஊர்காவற்றுறை ஆங்கில எழுத்திலே 'கயிற்ஸ்' என்று நிற்கின்றது. பருத்தித்துறை 'பொயின்ற் பெட்ரோ'. நெடுந்தீவு, ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இட்ட 'டெல்வ்ற்'. இவை போகட்டும், பெரிய ஊர்கள், பெயர் அழியா. ஒழுங்கைகளும் குறிச்சிகளும் குளங்களும் என்னாகும்? எமது காணி உறுதிகளை எடுத்து வாசியுங்கள். புலம், கலட்டி, வளவு, தோட்டம், சீமா என்று முடியும் காணிப் பெயர்கள் எத்தனை! இத்தனை பரப்பு இத்தனை குழி என்று அளவு கூறி, கிழக்கெல்லை இன்னாரது, வடக்கெல்லை இன்னது என்று நான்கு திசைக்கும் அயலாரைச் சாட்சி வைத்தே எம் முன்னோர் ஓரிடத்தை நிலைநாட்டினர். இரண்டு எண்களாற் குறிப்பதினும் அது நெருக்கமான குறிப்பு; அயலார் ஓடிப்போனாற் குலைந்துபோவது என்பதும் உண்மை. குலைந்ததை இப்போது கண்டோம். எல்லைக் கல்லும் வேலியும் அழிந்த இடங்களிலே, இன்ன பெயர்க் காணி இதுவென்று காட்டவல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர்.

முன் சொன்ன ஓப்பின்ஸ்ரீற்மப் என்னும் பொதுப்படத்திலே, ஒவ்வோரிடத்திற்கும் அந்நாட்டு வழக்குப் பெயரோடு தமிழ்ப் பெயரை எழுதுதற்கென்று தனி இடம் உண்டு. எவரும் எழுதலாம், கட்டணமில்லை. எயிற்றி நாட்டிலே 2010 சனவரியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, உலகின் பல மூலைகளிலுமிருந்து தொண்டர் செய்மதிப் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களைச் சில நாளில் அதன்கண் வரைந்துவிட்டனர். மீட்புப் பணியாளர் அதனைக் கைக்கொண்டு வழி கண்டனர். அயலாராற் சில நாளில் அது முடிந்ததாயின், எமது ஊர்க் குளங்களின் பெயரை எழுத எமக்கு எத்தனை நாள் வேண்டும்? தெருவின் வடிவத்தை வானிலிருந்து காணலாம்; அதன் பெயரை வானிலிருந்து காணவொண்ணாது. அது முற்றத்திற் குந்தியிருக்கும் பாட்டியாரிடம் உள்ளது. பதினோராந் தரத்து மாணவரை அனுப்பிக் கேட்பித்து எழுதுவித்தல் எமது வகுப்பு வேலையாகவே ஆகட்டும். எழுத்துப்பிழை நோக்கும் பொறுப்பை யாம் ஏற்றுக்கொள்வோம்.

பழைய மாணவரின் புள்ளிகள் அப்பெயர்களின்மேல் வந்து நிற்கட்டும். பெயரில்லாத படத்தின்மேல் ஆயிரம் புள்ளி இடுதல் இடாப்பில் பெயரெழுதாது வரவு குறிப்பதை ஒக்கும்.

சங்கத்தார்க்கு யாம் எழுதிக் கொடுத்தவை இவையே: எண்கள் இரண்டு தானத்தோடு நிற்றல் வேண்டும், தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் படத்தில் வேண்டா, இசைவு தந்து கையொப்பமிட்டோரை மாத்திரம் சேர்த்தல் வேண்டும், கேட்டவுடன் நீக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றல் வேண்டும், ஊர்ப்பெயர் தமிழில் முதலிலும் ஆங்கிலத்தில் அடுத்தும் எழுதப்படல் வேண்டும். மாதிரிப் படிவத்தின் முதல் வினா, 'தற்போது வசிக்கும் முகவரி யாது?' என்றிருக்கின்றது. அதனை இரண்டாவதாக்கி, 'உமது ஊர் யாது?' என்பதை முதலில் வைக்குமாறும் கேட்டுள்ளோம். படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மாற்றுக்கருத்து உடையோர் அதற்கு முன்னரே சங்கச் செயலாளருக்கு எழுதுக.